நெருப்பின்றி எரியும் வயல்

தை மாதத்தின் முற்பகுதியிலே பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதி வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்பவர்களுக்கு இருமருங்கும் கண்குளிரும் காட்சி. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் முரசுமோட்டைப் பக்கமாகப் பரந்து கிடக்க, கதிர்கள் தலைசாய்க்கத் தொடங்கியிருக்கும். பசுமை மெல்ல மெல்லப் பொன்னிறமாக மாறும் அவ்வேளையில், சில ஆண்டுகளில் மூன்றாவதொரு நிறத்தையும் காண நேரிடுகின்றது. வயலின் நட்டநடுவிலே, ஒரு பாய் விரித்த அளவிலோ, ஒரு சூடடிக்கும் களத்தின் அளவிலோ, வட்டமாகக் கருகிக் கிடக்கும் ஒரு திட்டு! பஸ் வண்டியிலிருந்து பார்ப்பவர், அவ்விடம் மட்டும் முந்தி விளைந்துவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார். வயலுக்குரியவர் அவ்வாறு எண்ணமாட்டார். அவருக்கு அன்றிரவு நித்திரை வராது.

அத்தகைய வயலொன்றின் வரம்பிலே நிற்கும் சந்தர்ப்பம் சில ஆண்டுகளுக்கு முன்னர் எமக்கு வாய்த்தது. எம்மிடம் படித்த மாணவன் ஒருவனின் தந்தையார் எம்மை அங்கே கூட்டிச் சென்றார். ஐந்து ஏக்கர் குத்தகை வயல். மனைவியின் காப்பை ஈடு வைத்து விதைத்தது. முதல் நாள் பாயளவாயிருந்த திட்டு ஒரு கிழமைக்குள் கால் ஏக்கராக விரிந்திருந்தது. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகின்றோம்: "மாஸ்ரர், மூண்டு தரம் மருந்தடிச்சன். அடிக்க அடிக்கக் கூடுதே ஒழியக் குறையேல்லை."

அது மனவேதனையிலே சொன்ன மிகைக்கூற்று என்றே அன்று நாம் எண்ணினோம். பிற்பாடு இவ்விடயம் பற்றிப் படித்தபோதுதான், அவர் கூறியது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதும், ஆசியாவின் பெரும் ஆராய்ச்சி நிலையங்கள் பல ஆண்டுகள் செலவிட்டுக் கண்டறிந்த முடிபும் அதுவே என்பதும் தெரியவந்தன.

கருகிய திட்டின் ஓரத்துப் பயிரை இரு கைகளாலும் விலக்கிக் குனிந்து பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியிலே பகைவனைக் காணலாம். நெல்மணியிலும் பாதியளவேயான சிறு பூச்சி. நீளம் மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு மேற்படாது. நிறம் கபிலம். விரல் பட்டதும் நேரே முன்னோக்கி ஓடாமல் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபுறம் ஒளிந்துகொள்ளும். இன்னும் நெருங்கினால் தத்திப் பாயும். விவசாயத் திணைக்களத்தார் இதனைக் 'கபிலநிறத் தத்தி' என்பர். எம்மூர்க் கமக்காரர் வாயில் வழங்குவது 'அறக்கொட்டி' என்னும் பெயர். விஞ்ஞானிகள் இட்ட பெயரோ 'நிலபர்வதா லூகென்ஸ்'. முற்பகுதி 1906ஆம் ஆண்டில் டிஸ்ரன்ற் என்னும் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இட்டது. நம் காதுக்கு நீலபர்வதம் என்றே ஒலிக்கின்றது. பிற்பகுதி 1854இல் ஸ்ரோல் என்னும் சுவீடன் நாட்டவர் இட்டது. அது லத்தீன் சொல். 'துக்கம் காப்பது' என்று பொருள். பூச்சியின் மங்கிய நிறத்தைக் கண்டு அவர் அப்படிப் பெயரிட்டாரோ என்னவோ, துக்கம் காப்பது பூச்சியன்று, வயற்காரர்தாம் என்று எமக்குத் தோன்றியது.

இப்பூச்சி இலையைக் கடித்துத் தின்பதில்லை. ஊசி போன்ற வாயைத் தண்டினுள்ளே செலுத்தி, இலையிலே சமைக்கப்பட்டு வேருக்கும் கதிருக்கும் இறங்கிவரும் இன்சாற்றை வழிமறித்து உறிஞ்சிவிடுகின்றது. உறிஞ்சிய சர்க்கரையிற் பெரும்பகுதி பிசுபிசுத்த கழிவாக வெளியேறித் தண்டிலே படிய, அதன்மீது கரிபடிந்தாற்போலப் பூஞ்சணம் வளர்கின்றது. ஒரு தண்டிலே இரண்டொரு தத்திகள் இருந்தால் பயிர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டாலோ இலைகள் மஞ்சளித்து, இரண்டு மூன்று நாளில் வைக்கோலாகிச் சாய்ந்துவிடும். நெருப்பின்றி எரிந்த அப்பயிரிலே தங்க இயலாமல் கூட்டம் வெளிநோக்கி நகர்வதனாலேதான் கருகல் வட்டமாக விரிகின்றது. போதாக்குறைக்குப் பயிரைக் குறளச் செய்யும் இரண்டு வைரசு நோய்களையும் இப்பூச்சி காவிச் செல்கின்றது.

இதன் சந்ததிப் பெருக்கத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மாணவர்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். பெண் தத்தி ஒன்று இருநூறு முட்டைகள் இடுவதாக வைத்துக்கொள்வோம். அவற்றை வெளியிலே இடுவதில்லை. இலைமடலைக் கீறி, அதன் தசைக்குள்ளே வாழைச்சீப்புப் போல அடுக்கிவிடுகின்றது. ஏழெட்டு நாளிற் குஞ்சுகள் வெளிவந்து, ஐந்து முறை தோலுரித்து, மேலும் இரண்டு வாரத்துக்குள் முழுப் பூச்சிகளாகின்றன. மாதத்துக்கு ஒரு தலைமுறை. இருநூறிற் பாதி பெண்ணானால் அடுத்த தலைமுறையில் இருபதினாயிரம். அதற்கடுத்ததில் இருபது இலட்சம்! கார்த்திகையிலே வயலுக்குள் வந்த ஒரேயொரு தாயின் வமிசம், தைப்பூசத்துக்கு நாம் புதிர் எடுக்கு முன்னரே இந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம்.

ஆயின் ஏன் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வயலும் எரிவதில்லை? இக்கேள்வியிலேதான் முழுக்கதையும் அடங்கியிருக்கின்றது. விடைக்கு முன்னர் இப்பூச்சியின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

கீழைத் தேசங்களில் இது முற்றிலும் புதியதன்று. யப்பானின் மேற்குப் பாகங்களில் 1732ஆம் ஆண்டு தத்திகளால் நெல் அழிந்து கொடும் பஞ்சம் ஏற்பட்டது. அந்நாட்டு மக்கள் திமிங்கில எண்ணெயை வயல் நீரிலே துளித்துளியாக விட்டு, பயிரைத் தட்டிப் பூச்சிகளை அதில் வீழ்த்தினர். எம் பாட்டனார் காலத்தில் மண்ணெண்ணெய் கலந்த மணலை வயலில் வீசி, இருவர் வரம்பின் இருபுறமும் நின்று கயிற்றை இழுத்துப் பயிரை அலைப்பார்கள் என்று கேட்டிருக்கின்றோம். எண்ணெய் வேறானாலும் யுக்தி ஒன்றே. யப்பானின் குளிர்காலத்தைத் தாங்கமாட்டாத இப்பூச்சி ஆண்டுதோறும் அங்கே எப்படி வந்து சேர்கின்றது என்பது நெடுங்காலம் புதிராயிருந்தது. 1967இல் அந்நாட்டுக்குத் தெற்கே நடுக்கடலில் நின்ற வானிலை அவதானிப்புக் கப்பலொன்றின்மீது தத்திக் கூட்டம் வந்திறங்கியபோது புதிர் அவிழ்ந்தது. காற்றிலேறிக் கடல் கடந்து வருகின்றது! உணவு நிறைந்த இடத்திலே குறுஞ்சிறகுடன் பிறந்து இருந்த இடத்திலேயே பெருகுவதும், உணவு குன்றினால் நெடுஞ்சிறகுடன் பிறந்து பறந்துவிடுவதும் இதன் இயல்பு. எந்தச் சிறகு முளைக்க வேண்டும் என்பதை இரண்டு இன்சுலின் வாங்கிகள் தீர்மானிக்கின்றன எனச் சீன விஞ்ஞானிகள் 2015இல் நிறுவினர். மனிதருக்கு நீரிழிவோடு தொடர்புபட்ட அதே இன்சுலினின் ஒன்றுவிட்ட உறவுதான்!

எனினும் வெப்பநாடுகளிலே 1960கள் வரைக்கும் கபிலநிறத் தத்தி ஒரு சில்லறைப் பூச்சியே. தண்டுதுளைப்பானுக்கும் நெல் மூட்டுப்பூச்சிக்கும் அஞ்சியவர்கள் இதற்கு அஞ்சியதில்லை. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து யூரியாவும் பூச்சிமருந்தும் ஆசியாவெங்கும் வயலுக்கு வந்தன. பசி தணிந்தது என்பதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் 1973, 74ஆம் ஆண்டுகளில் கேரளத்தின் குட்டநாடு கருகியது. அத்தசாப்தத்திலேயே எமது நாட்டிலும் இந்தோனீசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இப்பூச்சி பெரும் பீடையாகத் தலைதூக்கியது. சில்லறைத் திருடன் எவ்வாறு பெருங்கொள்ளைக்காரன் ஆனான்?

விடை வயலின் அடித்தளத்திலே இருந்தது. மருந்தடிக்காத வயலொன்றிலே விடியற்காலையிற் சென்று பாருங்கள். பனி படிந்த சிலந்தி வலைகள் பயிருக்குப் பயிர் தொங்கும். வலை பின்னாது தண்ணீர்மேல் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளுக்கு ஐந்து முதல் பதினைந்து தத்திகள் வரை தின்னும். பச்சை நிறமான மெல்லிய மூட்டுப்பூச்சி ஒன்று இருக்கின்றது. அறியாதோர் அதனையும் பீடையென்று எண்ணுவர். அது இலைமடலுக்குள் ஊசிவாயைச் செலுத்தித் தத்தியின் முட்டைகளையே தேடி உறிஞ்சுகின்றது. கண்ணுக்கு அரிதிற் புலப்படும் ஒரு குளவி, அம்முட்டைக்குள்ளே தன் முட்டையை இடுகின்றது. தவறி நீரிலே விழுந்த குஞ்சைப் பிடிக்க நீரோடிப் பூச்சிகள், மேலே ஊசித்தும்பிகள், இடையே பொறிவண்டுகள். நாம் மேலே கணக்கிட்ட இருபது இலட்சம் பிறவாமலே போவது இவற்றின் புண்ணியத்தால். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இவற்றைப் பற்றி 1987இல் வெளியிட்ட படநூலுக்கு, நெல் விவசாயியின் நண்பர்கள் என்ற பொருளிலேயே பெயரிட்டது.

இனி, மருந்து தெளிக்கும்போது நடப்பதை நோக்குவோம். தெளிகருவியிலிருந்து விழும் மருந்து பெரும்பாலும் இலைப் பரப்பிலேயே தங்குகின்றது. தண்டின் அடியிலுள்ள தத்திகளிற் பல தப்பிவிடுகின்றன; இலைமடலுக்குள் பொதிந்த முட்டைகளுக்கோ ஒன்றும் நேர்வதில்லை. ஓடித்திரிந்து வேட்டையாடும் சிலந்தியும் மூட்டுப்பூச்சியும் குளவியும் மருந்திலே தோய்ந்து மடிகின்றன. ஒரு கிழமையின் பின் முட்டைகள் பொரிக்கும்; குஞ்சுகள் காவலற்ற வயலுக்குள் இறங்கும். கமக்காரர் இரண்டாம் முறை தெளிப்பார். எஞ்சிய காவலர்களும் மாய்வர். சிலவகை மருந்துகள், கொல்லும் அளவுக்குக் குறைந்து பட்டால், தத்தியை முன்னிலும் அதிகமாக முட்டையிடத் தூண்டுகின்றன என்பதும் பரிசோதனைகளிற் கண்ட உண்மை. "அடிக்க அடிக்கக் கூடுது" என்று அந்த வயற்காரர் சொன்னதன் பொருள் இதுவே.

இதிலே இன்னுமோர் அநியாயம் உண்டு. தையிலே எரியும் வயலுக்கு வித்திடும் மருந்து பெரும்பாலும் தையிலே தெளித்ததன்று. விதைத்து ஒரு மாதத்துக்குள், மடிச்சுக்கட்டிப் புழு இலைகளைச் சுருட்டி வெள்ளைக் கோடுகள் போடும்போது, கண்ணுக்கு உறுத்துகின்றதே என்று தெளிக்கப்படுவது அது. இளம்பயிர் மட்டம் வெடித்துப் புதிய இலைகளை விட்டு அச்சேதத்தைத் தானே ஈடுசெய்துவிடும். அவசரப்பட்டுத் தெளித்தாலோ, தத்தி வருமுன்னரே காவலர்களைக் கொன்று கதவைத் திறந்துவைத்ததாகும். விதைத்த முதல் நாற்பது நாட்களுக்கு மருந்துப் போத்தலைத் தொடாதிருத்தல் நல்லது என்று பூச்சியியலாளர் சொல்வதன் காரணம் இதுதான்.

இந்த உண்மையை ஒரு தேசமே விலைகொடுத்துப் படித்த வரலாறும் உண்டு. இந்தோனீசியா 1980களின் நடுவிலே அரிசியில் தன்னிறைவு கண்டு உலகத்தின் பாராட்டைப் பெற்றது. அரசாங்கம் பூச்சிமருந்தின் விலையிற் பெரும்பகுதியைத் தானே கொடுத்து வந்தது. ஓரிரண்டு ஆண்டுக்குள் ஜாவாத் தீவின் வயல்கள் கருகின. விஞ்ஞானிகள் சான்றுகளை முன்வைக்க, 1986 நவம்பரில் ஜனாதிபதி சுகார்த்தோ 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தக்கூடாதென ஆணையிட்டார். 1989இல் மானியமும் நின்றது. மருந்துப் பாவனை பெருமளவு குறைந்தது. நெல் உற்பத்தியோ குறையவில்லை, கூடியது. அவ்வாண்டு தொடங்கிய 'கமக்காரர் வயற் பாடசாலை'யில் விவசாயிகள் கிழமைக்கொரு முறை வயலிலிறங்கிப் பூச்சிகளை எண்ணி, படம் வரைந்து, தெளிப்பதா வேண்டாமா என்று தாமே முடிவு செய்தனர். எழுதவாசிக்கத் தெரியாதவர்களும் சிலந்தியை எண்ணத் தெரிந்துகொண்டனர். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு, கரும்பலகை இல்லாத அப்பாடசாலையின்மீது சற்றுப் பொறாமையும் உண்டு.

இலங்கையின் தென்பகுதி மாவட்டங்களிலும் அத்தகைய வகுப்புகள் நடந்தன. அக்காலத்திலே வன்னி வேறு கவலைகளில் மூழ்கியிருந்தது. 2009இன் பின்னர் மீளக்குடியேறியவர்கள் பற்றைகளை வெட்டி வயலைத் திரும்பவும் வயலாக்கியபோது, உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் மருந்துக்கடையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பூச்சியை எண்ணும் படிப்பு மட்டும் பின்தங்கிவிட்டது. நோய்கண்ட இலையைக் கையிலேந்திக் கடைக்குச் சென்று, "நல்ல மருந்தாய் ஒண்டு தாங்கோ" என்று கேட்பதே வழக்கமாயிற்று. கடைக்காரரைக் குறைகூறி என்ன பயன்? மருந்து விற்பவரிடம் மருந்து வேண்டாமென்ற ஆலோசனையை எதிர்பார்க்கலாமா? 2021இல் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் திடீர் இறக்குமதித் தடை வந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அது விலக்கப்பட்டது. அந்தத் தடை ஒருவருக்கும் பூச்சி எண்ணக் கற்றுக்கொடுக்கவில்லை. தடை நீங்கியதும் பழையபடி போத்தல்கள் வந்தன. புதிய மருந்துகளும் நெடுநாள் கைகொடுப்பதில்லை. தத்திக்கென்றே புகழப்பட்ட இமிடாகுளோபிரிட் என்னும் மருந்துக்கு 2003இல் தாய்லாந்திலும் அடுத்த ஓரிரு ஆண்டில் சீனத்திலும் இப்பூச்சி பழகிவிட்டதைக் கண்டார்கள்.

நெல்லின் பக்கத்திலிருந்தும் போராட்டம் நடந்திருக்கின்றது. அதிலே நாம் பெருமைகொள்ள இடமுண்டு. தத்தி தீண்டாத நெல்லைத் தேடி விஞ்ஞானிகள் உலகத்து நெல்வகைகளையெல்லாம் ஆராய்ந்தபோது, எதிர்ப்புக் குணம் கண்டவற்றுட் பல தென்னிந்தியாவினதும் இலங்கையினதும் பழைய நெல்களாகவே இருந்தன. இரண்டாவதாகக் கண்ட எதிர்ப்புப் பரம்பரையலகு தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 என்னும் நெல்லினுடையது. மூன்றாவது எமது நாட்டின் 'ரத்து ஹீனட்டி'யினது. நான்காவதும் இலங்கை நெல்லாகிய 'பாபவீ'யினது. கேரளத்துப் பட்டாம்பியின் பீ.ரி.பீ. 33 என்னும் நெல்லைப் பெற்றோராகக் கொண்டு பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தார் பீ.ஜீ. 379-2 என்ற இனத்தை 1980இல் வெளியிட்டனர். ஆயினும் ஓர் எதிர்ப்புக் குணத்தை நம்பி நாடு முழுதும் ஒரே நெல்லை விதைத்தால், பூச்சி அதனையும் வெல்லப் படித்துக்கொள்கின்றது. 1973இல் வெளிவந்த ஐ.ஆர். 26 மூன்று நான்கு ஆண்டுக்குள் தோற்றது. ரத்து ஹீனட்டியின் எதிர்ப்போ நெடுங்காலம் நின்றது. அது ஒரு பூட்டன்று, அடுத்தடுத்த மூன்று பூட்டுகள் என்று 2015இல் சீன ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தனர். இடப்பெயர்வுகளின்போது எங்கள் வீடுகளிலே விட்டுவந்த விதைநெல் மூட்டைகளுக்குள் இன்னும் எத்தனை பூட்டுகள் இருந்தனவோ!

இனி, வன்னிக் கமக்காரர் கையில் உள்ளவை எவை? ஏக்கருக்கு இரண்டு புசல் விதை போதுமென்று திணைக்களம் சொல்ல, எம்மவர்கள் களைக்கு அஞ்சி அதற்கு மேலும் அள்ளி வீசுகின்றார்கள். நெருங்கி வளர்ந்த பயிரின் அடியிலே வெயிலும் காற்றும் புகா. நிழலும் ஈரமும் நிறைந்த அவ்விடமே தத்திக்கு மாளிகை. அளவுக்கு மிஞ்சிய யூரியா பயிரைக் கரும்பச்சையாக்கி அயலவர் மெச்சச் செய்யும். சாற்றிலே சத்தேறித் தத்தியும் கூடுதலாக முட்டையிடும். தத்தி கண்ட வயலிலே மூன்று நான்கு நாள் தண்ணீரை வடியவிடலாம். பெண்பிள்ளைகளுக்குத் தலைவாரி வகிடெடுப்பதுபோல, சில முழத்துக்கொரு முறை பயிரை இருபுறமும் விலக்கிச் சாய்த்து, அடிக்கு வெயில் படச் செய்யலாம். இவ்வளவும் செய்தபின், சிலந்திகளால் தாங்கமுடியாத அளவுக்குப் பெருக்கம் கண்டால் மட்டும், விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, உரிய மருந்தை, உரிய அளவிலே, தண்டின் அடியில் படும்படி, திட்டைச் சுற்றித் தெளிக்கலாம். மருந்தே தீண்டாதே என்று நாம் சொல்லவரவில்லை. வைத்தியரிடம் போகாமல் மருந்துக்கடைக்குப் போகவேண்டாம் என்றே சொல்கின்றோம்.

சொல்வது எளிது. காப்பு ஈட்டிலிருக்கும்போது, அயல் வயற்காரர் மூவரும் தெளிகருவியைத் தோளிலே சுமந்து நிற்கும்போது, தான் மட்டும் கைகட்டி வரம்பில் நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது மாதச் சம்பளம் பெறும் எம்போன்றோர்க்கு விளங்காது. மருந்தடித்தும் வயல் எரிந்தால் விதி என்பார்கள். அடிக்காமல் எரிந்தால் அவரது மடமை என்பார்கள்.

முரசுமோட்டைக் கமக்காரர் அந்த ஆண்டு ஐந்து ஏக்கரில் ஒன்றரை ஏக்கரை இழந்தார். மிஞ்சியதிலும் சப்பி நெல் அதிகம். அடுத்த காலபோகத்துக்கு முன்னர் எம் மாணவன் தன் நண்பர் இருவருடன் வந்து, படங்களுடன் கூடிய துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொண்டுபோய்த் தகப்பனாரிடம் கொடுத்தான். அவர் அதை முழுதும் நம்பவில்லை. விதையைச் சற்றுக் குறைத்தார். யூரியாவைப் பிரித்துப் போட்டார். ஆனால் மருந்துப் போத்தல் ஒன்றையும் முன்கூட்டியே வாங்கிவைத்தார். மார்கழிக் கடைசியில் நாம் அங்கு சென்றபோது, வீட்டுத் தாழ்வாரத்து வளையிலே அப்போத்தல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வயலில் நின்றார். சமையலறையிலிருந்து எடுத்துவந்த வெள்ளைப் பீங்கான் தட்டொன்றைத் தண்டின் அடியிலே பிடித்து, மறுகையாற் பயிரைத் தட்டி, விழுந்தவற்றை விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆறு கொட்டி, மூண்டு சிலந்தி," என்றார் எம்மைக் கண்டதும். பிறகு, "காணுமோ மாஸ்ரர்?" என்று கேட்டார்.

காணும் என்றோம். அவர் தட்டைக் கவிழ்த்துச் சிலந்திகளைப் பயிரிலேயே மெல்ல விட்டுவிட்டு, அடுத்த வரம்புக்கு நடந்தார். அந்தத் தைப்பூசத்துக்குப் புதிர் அரிசி ஒரு பை எமது வீட்டுக்கு வந்தது. போத்தலின் மூடி அப்போதும் திறக்கப்படவில்லை என்று அதைக் கொண்டுவந்த மாணவன் சொன்னான்.